பெரோவ்ஸ்கைட் மென்படலத்தில் எக்ஸிட்டான்: பிணைப்பு ஆற்றல் 62 என்று வருவது எதனால்?

ஒளிவலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மெத்தில் அம்மோனியம் ஈய அயோடைடு என்ற பெரோவ்ஸ்கைட் படிகப் பொருளை ஏறத்தாழ 300 நானோமீட்டர் தடிமனில் கண்ணாடியின் மேல் சுழற்றிப் பூசி, சில வாரங்களாக அளந்துகொண்டிருக்கிறேன். 80 கெல்வினில் எடுத்த உட்கவர் நிறமாலையில் பட்டை விளிம்பை (ஒளி உட்கவரப்படத் தொடங்கும் ஆற்றலை) ஒட்டித் தெளிவான ஒரு முகடு தெரிகிறது. அறை வெப்பநிலைக்கு வரும்போது அது கரைந்து, விளிம்பில் மெல்லிய தோள் போல மட்டும் எஞ்சுகிறது. ஒளி எழுப்பிய எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் கூலும் ஈர்ப்பால் ஒன்றையொன்று விடாமல் சுற்றும் இணைதான், அதாவது எக்ஸிட்டான்தான், இம்முகட்டுக்குக் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஐயமெல்லாம் அதன் பிணைப்பு ஆற்றலைப் பற்றியதே.

வெப்பநிலை ஏற ஏற ஒளிர்வு எப்படி மங்குகிறது என்பதை அளந்து, அர்ரேனியஸ் வகைக் கோட்டைப் பொருத்தியபோது எனக்கு 62 மில்லி எலக்ட்ரான் வோல்ட் கிடைத்தது (இனி மி.எ.வோ. என்று சுருக்குகிறேன்). வெளியான கட்டுரைகளைப் புரட்டினால் ஒருவர் 50 என்கிறார், ஒருவர் 16 என்கிறார், இன்னொருவர் 2 என்கிறார். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் ஏறக்குறைய 26 மி.எ.வோ. என்பதால், என் எண் சரியென்றால் இணைகள் பிரியாமலே இருக்க வேண்டும். அவ்வாறிருக்க, கரிமச் சூரிய மின்கலங்களில் இருப்பதைப் போன்ற எலக்ட்ரானைத் தரும் ஈவோனும் அதை வாங்கும் ஏற்பானும் சந்திக்கும் இடைமுகம் எதுவும் இல்லாமலே பெரோவ்ஸ்கைட் மின்கலம் எப்படி மின்னோட்டம் தருகிறது? எந்த எண்ணை நம்புவது?

பட்டைவிளிம்பு எழுதியது:

எண்கள் ஒன்றோடொன்று முரண்படுவது போலத் தோன்றுவதற்கு ஒரு காரணம், பிணைப்பு ஆற்றலை இப்பொருளின் மாறாத ஒற்றை எண்ணாக நாம் கருதிக்கொள்வதுதான். வானியர், மோட் வகை எக்ஸிட்டான் ஹைட்ரஜன் அணுவின் பெரிதாக்கிய வடிவம். 13.6 எலக்ட்ரான் வோல்ட்டைக் எலக்ட்ரான், துளை இரண்டுக்குமான குறைக்கப்பட்ட நிறையால் பெருக்கி, ஒப்புமை விடுதிறனின் (பொருள் மின் ஈர்ப்பை எத்தனை மடங்கு மறைக்கிறது என்ற எண்ணின்) வர்க்கத்தால் வகுத்தால் பிணைப்பு ஆற்றல் வந்துவிடும். இப்பொருளில் குறைக்கப்பட்ட நிறை, கட்டற்ற எலக்ட்ரானின் நிறையில் 0.104 மடங்கு. இந்த எண்ணில் பெரிய சர்ச்சை இல்லை. சிக்கல் விடுதிறனில்தான் இருக்கிறது, அதுவும் வர்க்கமாக வருவதால் சிறு தவறும் பெரிதாகிறது.

ஈய அயோடைடுக் கூட்டின் எலக்ட்ரான் மேகங்கள் மட்டும் ஈர்ப்பை மறைப்பதாகக் கொண்டால் விடுதிறன் 6.5 அளவில் இருக்கும். அப்போது விடை 33 மி.எ.வோ. அயனிகளும் இடம்பெயர்ந்து மறைப்பதற்கு நேரம் கிடைக்கிறது என்று கொண்டால் விடுதிறன் 30 வரை உயரும். அப்போது விடை 1.6 மி.எ.வோ. மெத்தில் அம்மோனியம் தன் கூண்டுக்குள் சுழன்று திரும்புவதையும் சேர்த்துக்கொண்டவர்கள் அதற்கும் கீழே போனார்கள். ஆனால் எக்ஸிட்டான் எந்த வேகத்தில் சுற்றுகிறதோ அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் மறைப்பு மட்டுமே அதற்குப் பயன்படும். இங்கே பிணைப்பு ஆற்றலும் அணிக்கோவையின் நெட்டலை ஒளியியல் ஃபோனான் என்னும் அதிர்வின் ஆற்றலும் (ஏறத்தாழ 11.5 மி.எ.வோ.) ஒரே அளவில் இருப்பதால், உண்மையான மறைப்பு இவ்விரு எல்லைகளுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது.

2015-இல் நேச்சர் ஃபிசிக்ஸ் இதழில் வெளியான காந்த ஒளியியல் அளவீட்டை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம், அது விடுதிறனை முன்கூட்டி ஊகிக்கவில்லை என்பதே. நூறு டெஸ்லாவைத் தாண்டும் துடிப்புக் காந்தப்புலத்தில் எலக்ட்ரானும் துளையும் லாண்டாவ் மட்டங்கள் என்னும் காந்தப்புல ஆற்றல் படிகளில் அமர்கின்றன. அம்மட்டங்களின் இடைவெளி நிறையைத் தருகிறது. எக்ஸிட்டானின் முதல் நிலைக்கும் அடுத்த நிலைக்கும் உள்ள இடைவெளி பிணைப்பு ஆற்றலைத் தருகிறது. ஆர்த்தோராம்பிக் என்னும் தாழ்வெப்பப் படிக நிலையில் அவர்கள் கண்டது 16 மி.எ.வோ.; அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் பயனுறு விடுதிறன் 9.4 என்று வருகிறது. அறை வெப்பநிலைக்கு அவர்கள் கூறியது ஒரு சில மி.எ.வோ. மட்டுமே. போர் ஆரம் (எலக்ட்ரானுக்கும் துளைக்கும் இடையிலான தொலைவின் அளவு) 4.8 நானோமீட்டர், அதாவது ஏழெட்டு அலகுக்கூடுகளின் நீளம் என்பதால், ஹைட்ரஜன் படிமம் இங்கே நியாயமாகவே பொருந்துகிறது.

குளிர்கலன் எழுதியது:

பட்டைவிளிம்பு கோட்பாட்டுப் பக்கத்தை விளக்கிவிட்டார். நான் உங்கள் 62-ஐப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் அதே குழியில் நானும் விழுந்து எழுந்தவன்.

இப்பொருள் சுமார் 160 கெல்வினில் ஆர்த்தோராம்பிக் நிலையிலிருந்து டெட்ராகோனல் நிலைக்கு மாறுகிறது. மேலும் சுமார் 330 கெல்வினில் கனசதுர நிலையை அடைகிறது. முதல் மாற்றத்தின்போது பட்டை இடைவெளி ஒரே தாவலில் ஏறத்தாழ 100 மி.எ.வோ. குறைகிறது. அதற்கு மேல் சூடாக்கினால், சிலிக்கானில் நடப்பதற்கு நேர்மாறாக, இடைவெளி மெல்ல விரிகிறது. 80-இலிருந்து 300 வரை ஒரே கோட்டைப் பொருத்தும்போது, நீங்கள் இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒரே சமன்பாட்டுக்குள் திணிக்கிறீர்கள்.

என் பழைய அளவீடு ஒன்றைச் சொல்கிறேன். ஹீலியம் குளிர்கலனில் படலத்தை இறக்கி 20 கெல்வினில் ஒளிர்வைப் பார்த்தபோது, 1.65 எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு கூர்மையான கோடும் அதற்குக் கீழே அகன்ற இன்னொரு கோடும் தெரிந்தன. அகன்ற கோட்டைப் பொறி நிலைகளின் (மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் குறைபாடுகளின்) கணக்கில் எழுதி, கூர்மையான கோட்டின் பரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு 70-ஐ ஒட்டிய ஓர் எண்ணைக் குழுக் கூட்டத்தில் பெருமையோடு காட்டினேன். பின்னர் வேறொரு குளிர்விக்கும் வேகத்தில் அதே படலத்தை அளந்தபோது இரு கோடுகளின் விகிதமே மாறிவிட்டது. குளிரும்போது முழுதாக மாறாமல் ஆங்காங்கே தங்கிவிட்ட டெட்ராகோனல் தீவுகளே அந்த அகன்ற ஒளிர்வைத் தந்திருக்கின்றன. அவற்றின் இடைவெளி சிறியது என்பதால், சுற்றிலுமுள்ள மின்னூட்டங்கள் பள்ளத்தைத் தேடும் நீர்போல அவற்றுக்குள் வடிகின்றன. கூர்மையான கோடு வெப்பத்தால் மங்கியதற்கு எக்ஸிட்டான் உடைந்தது மட்டுமே காரணமன்று. மின்னூட்டங்கள் இடம்பெயரத் தொடங்கி அத்தீவுகளைச் சென்றடைந்ததும் காரணம்.

இதைத் தவிர, அர்ரேனியஸ் முறையின் அடிப்படையிலேயே ஓர் ஓட்டை உண்டு. எக்ஸிட்டான் பிரிந்துவிட்டால் ஒளிர்வு நின்றுவிடும் என்று அது எடுத்துக்கொள்கிறது. இப்பொருளிலோ பிரிந்த எலக்ட்ரானும் துளையும் மீண்டும் சந்தித்து நன்றாகவே ஒளிர்கின்றன. ஆகவே மங்கலில் நீங்கள் அளப்பது பொறி நிலைகளுக்குச் செல்லும் தடையின் உயரமாகவும் இருக்கலாம்.

ஒளிவலை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. தரவைத் திரும்பத் திறந்து பார்த்தேன். 150-க்கும் 165-க்கும் நடுவில் ஒரு முறிவு அப்பட்டமாகத் தெரிகிறது. அதைப் பிழையென்று எண்ணி இரண்டு புள்ளிகளை நானே நீக்கியிருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 170-க்கு மேற்பட்ட புள்ளிகளை மட்டும் பொருத்தினால் வேறோர் எண் வருகிறது. பிழை வரம்பு அந்த எண்ணளவுக்கே இருப்பதால் அதை இங்கே எழுதவில்லை.

ஆயினும் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. வாதத்துக்காக 62 மி.எ.வோ. உண்மையென்றே வைத்துக்கொள்வோம். அது வெப்ப ஆற்றலைப்போல் இரண்டரை மடங்கு. அப்படியானால் பெரும்பாலான இணைகள் கட்டுண்டே இருக்க வேண்டுமல்லவா?

சமநிலை எழுதியது:

இருக்க வேண்டியதில்லை. பிணைப்பு ஆற்றலை வெப்ப ஆற்றலோடு மட்டும் ஒப்பிட்டு முடிவுகட்டுவது இத்துறையில் மிகப் பரவலான பழக்கம்; அது தவறும்கூட. விண்மீன்களின் வளிமண்டலத்தில் அணுக்கள் எந்த அளவுக்கு அயனியாகியிருக்கும் என்பதற்கு மேகநாத சாகா 1920-இல் தந்த சமன்பாடு இங்கேயும் அப்படியே செல்லும். ஹைட்ரஜனின் அயனியாக்க ஆற்றல் 13.6 எலக்ட்ரான் வோல்ட். ஆனால் வெப்ப ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்ட்டைக்கூட எட்டாத வெப்பநிலையிலேயே அது பெருமளவில் அயனியாகிவிடுகிறது. பிரிந்த துகள்களுக்கு உலவ இடம் மிகுதி, கட்டுண்ட இணைக்கு இருப்பு ஒன்றே. ஆகவே அடர்த்தி குறையக் குறைய என்ட்ரோபி பிரிவின் பக்கம் சாய்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதலில் மின்கலத்துக்குள் எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்று காண வேண்டும். முழு வெயிலில் நல்ல மின்கலம் சதுர சென்டிமீட்டருக்கு 22 மில்லி ஆம்பியர் தருகிறது; அதாவது நொடிக்கு 1.4 × 10¹⁷ இணைகள் உண்டாகின்றன. உங்கள் 300 நானோமீட்டர் தடிமனால் வகுத்தால் கன சென்டிமீட்டருக்கு நொடிக்கு 4.6 × 10²¹. வாழ்நாளை 200 நானோநொடி என்று வைத்தால் நிலையான அடர்த்தி 10¹⁵-ஐ ஒட்டி நிற்கும். மின்சுற்றில் மின்னோட்டம் எடுக்கப்படும்போது இது இன்னும் குறையும்.

அடுத்து சாகா. குறைக்கப்பட்ட நிறை 0.104 என்றால், 300 கெல்வினில் சமன்பாட்டின் முன்காரணி 4.2 × 10¹⁷. பிணைப்பு ஆற்றல் 10 மி.எ.வோ. எனில், அடர்த்தி 10¹⁵ ஆக இருக்கும்போது கட்டுண்டவை 0.35 சதவீதம். 50 எனில் 1.6 சதவீதம். உங்கள் 62-ஐயே எடுத்தாலும் 2.5 சதவீதம்தான். எந்த எண்ணை நம்பினாலும் நூற்றில் தொண்ணூற்றேழுக்கு மேல் தனித்தனியே உலவுகின்றன. எனவே நாம் இவ்வளவு நேரம் சண்டையிட்ட எண், மின்கலம் வேலை செய்வதைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒரு பொருட்டே அன்று.

அதே படலத்தை 80 கெல்வினுக்கு இறக்கி, 16 மி.எ.வோ.-வை வைத்துக்கொண்டு, அடர்த்தியைப் பத்து மடங்காக்கி 10¹⁶ என்று எடுத்தால், ஏறக்குறையப் பாதி இணைகள் கட்டுண்டுவிடுகின்றன. தாழ்வெப்பத்தில் லேசர் துடிப்பால் அளந்து கண்ட நடத்தையை அறை வெப்பநிலை மின்கலத்தின் மேல் ஏற்றிப் பேசும் கட்டுரைகளைக் கண்டால் எனக்கு உடனே இக்கணக்குதான் நினைவுக்கு வரும்.

ஓர் எச்சரிக்கை மட்டும். அடர்த்தி உயர உயர எக்ஸிட்டான் பெருகிக்கொண்டே போகும் என்று சாகா சொல்வதை 10¹⁷-க்கு மேல் நம்பக் கூடாது. இணைகள் நெருங்கும்போது சுற்றியுள்ள மின்னூட்டங்களே ஈர்ப்பை மறைத்துவிடுவதால், மோட் மாற்றம் என்ற எல்லையைத் தாண்டியபின் கட்டுண்ட நிலை என்பதே இல்லாமற்போகிறது. போர் ஆரம் 4.8 நானோமீட்டர் உள்ள இப்பொருளில் அந்த எல்லை 10¹⁷-இன் அருகில்தான் வரும்.

பழையகரிமம் எழுதியது:

நான் பல ஆண்டுகள் கரிம மின்கலங்களில் உழன்றவன் என்பதால் இவ்விவாதத்தின் முன்கதையைச் சொல்லத் தோன்றுகிறது. கரிமப் பொருள்களில் விடுதிறன் 3 அல்லது 4. எக்ஸிட்டான் ஒரு மூலக்கூற்றிலோ அதன் அண்டையிலோ ஒடுங்கிக் கிடக்கும். பிணைப்பு ஆற்றல் நூற்றுக்கணக்கான மி.எ.வோ. 1986-இல் டாங் இரண்டு அடுக்குகளைச் சேர்த்துச் செய்த மின்கலம் தொடங்கி, எங்கள் உழைப்பில் பெரும்பகுதி அந்த இணையை ஓர் இடைமுகத்துக்கு ஓட்டிச்சென்று பிளப்பதிலேயே கழிந்தது. பெரோவ்ஸ்கைட்டும் அதே மரபில்தான் நுழைந்தது. 2009-இல் கொஜிமாவும் மியாசகாவும் மற்றவர்களும் அதைத் துளைமிகு டைட்டேனியம் டை ஆக்சைடின் மேல் சாயத்தின் இடத்தில் வைத்து 3.8 சதவீதம் கண்டார்கள். 2012-இல் எலக்ட்ரானை வாங்கவே முடியாத அலுமினாச் சாரத்தின் மேல் பூசியும் மின்கலம் 10.9 சதவீதம் தந்தபோதுதான், மின்னூட்டங்கள் இப்பொருளுக்குள்ளேயே பிரிந்து பயணிக்கின்றன என்பது எங்களைப் போன்றவர்களுக்கு உறைத்தது. அடுத்த ஆண்டில் குளோரைடு கலந்த படலத்தில், மின்னூட்டம் மறையுமுன் கடக்கும் விரவல் நீளம் ஒரு மைக்ரோமீட்டரைத் தாண்டுகிறது என்ற அளவீடும் வந்தது.

இருப்பினும் "பெரோவ்ஸ்கைட்டில் எக்ஸிட்டானே இல்லை" என்று இளையவர்கள் பொதுப்படையாக எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் அளந்த சீசியம் ஈய புரோமைடு நானோபடிகங்களில், ஒளியூட்டும் திறனை உயர்த்தியபோது ஒளிர்வு அதற்கு நேர்விகிதத்திலேயே உயர்ந்தது. தனித்த மின்னூட்டங்கள் என்றால் வர்க்க விகிதமல்லவா வந்திருக்க வேண்டும்?

பட்டைவிளிம்பு எழுதியது:

உங்கள் முடிவு சரி, காட்டிய சான்று மட்டும் போதாது. படிகத்தின் அளவு போர் விட்டத்தோடு ஒப்பிடத்தக்கதாகும்போது (சீசியம் ஈய புரோமைடுக்கு அது ஏறத்தாழ 7 நானோமீட்டர்) எலக்ட்ரானும் துளையும் பிரிந்துபோக இடமே கிடையாது. அங்கே எக்ஸிட்டான் இருந்தே தீரும்.

ஆனால் நேர்விகிதம் தனியாக எதையும் நிறுவாது. தொடர் ஒளியில் பொறி நிலைகளே மின்னூட்டத்தின் வாழ்நாளைத் தீர்மானித்தால், அடர்த்தி ஒளித்திறனுக்கு நேர்விகிதம், ஒளிர்வு அடர்த்தியின் வர்க்கம். ஆகவே வர்க்க விகிதம் வரும். அதே தனித்த மின்னூட்டங்கள், பொறிகள் குறைந்த நல்ல படலத்தில், பெரும்பாலும் ஒளிர்ந்தே மறைகின்றன என்றால், உள்ளே சென்ற ஒவ்வோர் ஒளித்துகளுக்கும் ஏறக்குறைய ஓர் ஒளித்துகள் வெளியே வந்தாக வேண்டும். அப்போதும் நேர்விகிதம்தான் வரும். படலம் மாசேற்றத்தால் ஏற்கெனவே ஒருவகை மின்னூட்டத்தை மிகுதியாகப் பெற்றிருந்தாலும் அவ்வாறே. வேறுபடுத்த விரும்பினால் குறுந்துடிப்பு லேசரால் எழுப்பி, பொறிகள் செயல்படத் தொடங்கும் முன், முதல் கணத்து ஒளிர்வின் உயரத்தை மட்டும் துடிப்பாற்றலுக்கு எதிரே வரைய வேண்டும். அங்கே வர்க்கம் வந்தால் தனித்தவை, நேர்விகிதம் வந்தால் கட்டுண்டவை அல்லது மாசேற்றத்தின் விளைவு.

ஒளிவலைக்கும் ஒரு சொல். அறை வெப்பநிலையில் நீங்கள் கண்ட அந்தத் தோளும் ஈர்ப்பின் அடையாளமே. ஆனால் அங்கே எக்ஸிட்டான்கள் குவிந்திருக்கின்றன என்பதற்கு அது சான்றன்று. எலியட் 1957-இல் காட்டியபடி, ஒளித்துகள் விழுங்கப்படும் அந்தக் கணத்தில் எலக்ட்ரானும் துளையும் ஒரே இடத்தில் தோன்றுகின்றன. பிறகு பிரிந்துபோகும் இணையானாலும் தோன்றும் கணத்தில் ஈர்ப்பு அவற்றை அருகருகே வைத்திருப்பதால் உட்கவரும் வாய்ப்பு கூடுகிறது. எனவே தனித்த நிலைகளுக்குரிய பகுதியிலும் உட்கவர்தல் உயர்ந்தே நிற்கிறது. நிறமாலை சொல்வது பிறப்பைப் பற்றி. சாகா சொல்வது பிறந்தவற்றின் வாழ்வைப் பற்றி. மின்கலத்துக்கு இது நல்ல பேறு, விளிம்பு செங்குத்தாக எழுவதால் மெல்லிய படலமே ஒளி முழுவதையும் குடித்துவிடுகிறது, இணையைப் பிளக்கச் செலவும் இல்லை.

வினாக்குறி எழுதியது:

இவையெல்லாம் போலரானைப் பற்றிப் பேசாமல் முழுமையாகுமா? அணிக்கோவை மென்மையானது, எலக்ட்ரானைச் சுற்றி அயனிகள் நகர்ந்து போர்வை போல மூடிக்கொள்கின்றன. அந்தப் போர்வையால்தான் எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று காணாமல் நீண்ட நாள் வாழ்கின்றன என்று படித்திருக்கிறேன். லாஞ்செவன் கணக்கைவிட மறு இணைவு பல்லாயிரம் மடங்கு மெதுவாக நடப்பதை இது விளக்கிவிடுகிறதே!

சமநிலை எழுதியது:

போலரான் உண்டு. ஃப்ரோலிக் இணைப்பு எண் 2-ஐ ஒட்டியது. அதனால் பயனுறு நிறை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கூடுகிறது. அறை வெப்பநிலையில் மின்னூட்டத்தின் இயக்க எண் (மின்புலத்தில் நகரும் எளிமை) காலியம் ஆர்சனைடைவிட மிகக் குறைவாக இருப்பதற்கு ஒளியியல் ஃபோனான்களோடு ஏற்படும் இந்த உராய்வு முக்கியக் காரணம்.

மறு இணைவை விளக்க மட்டும் அதை இழுத்துவர வேண்டியதில்லை என்பது என் கருத்து. லாஞ்செவன் கணக்கு, கூலும் ஈர்ப்பின் எல்லைக்குள் வந்த இணை தப்பாது என்று எடுத்துக்கொள்கிறது. அடிக்கடி முட்டிமோதி நகரும் கரிமப் பொருள்களுக்கு அது பொருந்தும். காலியம் ஆர்சனைடுக்கு யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை, பயன்படுத்தினால் அங்கேயும் பெரும் பிழை வரும். வான் ரூஸ்ப்ரூக்கும் ஷாக்லியும் 1954-இல் தந்த வழியில், உட்கவர் நிறமாலையிலிருந்தே மறு இணைவின் வேகத்தைக் கணக்கிட்டால், அளக்கப்பட்ட, நொடிக்கு 10⁻¹⁰ கன சென்டிமீட்டர் என்ற அளவு இயல்பாகவே கிடைக்கிறது. பொருத்தமற்ற சமன்பாட்டோடு ஒப்பிட்டுவிட்டு அதிசயப்பட வேண்டாம்.

ஒளிவலை எழுதியது:

ஒரு நடைமுறைக் கேள்வி. எங்கள் ஆய்வகத்தில் படலத்தின் மேல் ஃபீனைல் எத்தில் அம்மோனியம் அயோடைடைப் பூசி நிலைத்தன்மையைக் கூட்டுகிறோம். மேற்பரப்பில் இருபரிமாண அடுக்கு உருவாகிறது. அங்கே எக்ஸிட்டான் வலுவாகக் கட்டுண்டிருக்கும் என்றால், நாமே மின்கலத்துக்குள் ஒரு கரிமச் சிக்கலைக் கொண்டுவந்து வைக்கிறோமா?

பட்டைவிளிம்பு எழுதியது:

வலுவாகத்தான் கட்டுண்டிருக்கும். ஒற்றை ஈய அயோடைடுத் தகடாக இருக்கும்போது பிணைப்பு ஆற்றல் 200 மி.எ.வோ.-வைத் தாண்டுகிறது. தட்டையான வெளியில் அடைத்ததால் மட்டும் நான்கு மடங்கு உயரும். அதற்கு மேலும் உயர்வதற்குக் காரணம், தகட்டின் இருபுறமும் விடுதிறன் குறைந்த கரிமச் சங்கிலிகள் இருப்பதே. மின்புலக் கோடுகள் தகட்டைவிட்டு வெளியேறி அந்தக் கரிமப் பகுதியில் செல்கையில் அங்கே மறைப்பு மிகக் குறைவு. அத்தகைய பொருளையே முழு உட்கவர் அடுக்காக வைத்த மின்கலங்கள் பின்தங்கியதற்கு இதுவும், தகடுகளுக்குக் குறுக்கே மின்னூட்டம் தாண்ட முடியாமையும் காரணங்கள்.

உங்கள் படலத்தில் அந்த அடுக்கு சில நானோமீட்டர்தான். ஒளியின் மிகச் சிறு பங்கே அங்கே விழுங்கப்படுகிறது. அதில் பிறக்கும் எக்ஸிட்டானும் கீழேயுள்ள சிறிய இடைவெளி கொண்ட முப்பரிமாணப் பகுதிக்கு ஆற்றலைக் கொடுத்துவிடும். நீங்கள் கவலைப்பட வேண்டியது எக்ஸிட்டானைப் பற்றியன்று. அந்த அடுக்கு தடித்துப்போய் மின்னூட்டம் வெளியேறும் வாயிலை அடைத்துவிடுகிறதா என்பதைப் பற்றித்தான்.

குளிர்கலன் எழுதியது:

அதைக் கண்டறிய, பூசிய பக்கத்திலிருந்தும் கண்ணாடிப் பக்கத்திலிருந்தும் நீல லேசரால் ஒளியூட்டி இரு ஒளிர்வு நிறமாலைகளையும் ஒப்பிடுங்கள். பூசிய பக்கத்தில் மட்டும் 520 நானோமீட்டரை ஒட்டிப் பச்சை ஒளிர்வு தெரிந்தால் ஒற்றைத் தகடுகள் அங்கே உள்ளன என்று பொருள். தடித்த படலத்தில் ஒளிர்வு வெளியேறும் வழியிலேயே மீண்டும் விழுங்கப்பட்டு முகடு சிவப்புப் பக்கம் நகரும் என்பதால், முகட்டின் இடத்தை வைத்து அவசரப்பட்டு எதையும் எழுதிவிடாதீர்கள். நீக்கிய அந்த இரண்டு புள்ளிகளையும் வரைபடத்தில் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.

ஒளிவலை எழுதியது:

இன்று காலையே சேர்த்துவிட்டேன் ஐயா. 62 என்ற எண்ணை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டு, 80 கெல்வின் நிறமாலையை எலியட் சமன்பாட்டோடு பொருத்தத் தொடங்கியிருக்கிறேன். இருபுற ஒளிர்வு அளவீடு முடிந்ததும் இவ்விழையிலேயே வரைபடத்தை இணைக்கிறேன்.